கிணற்றில் வந்த பச்சை

எங்கள் தெருவில் முதலில் போனது பக்கத்து வீட்டு நெசவாளியின் மகள். எட்டு வயது. காலையில் எங்கள் வாசலில் கோடு கிழித்துப் பாண்டி ஆடியவள், வெயில் சாய்வதற்குள் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன, விரல் நுனிகள் ரொம்ப நேரம் துணி துவைத்தவள் கைபோலச் சுருங்கிக் கிடந்தன. வாந்திபேதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் எதிர்ச்சாரியில் ஒரு கிழவர். அதற்கடுத்த நாள் அதே சாரியில் இரண்டு பேர்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. முதல் யுத்தத்தில் நின்றுபோயிருந்த ஜெர்மன் சாயப்பொடி மறுபடியும் டப்பா டப்பாவாக வர ஆரம்பித்திருந்த காலம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மேற்கே, தறி ஓசை விடாமல் கேட்கும் ஒரு தெருவில், நானும் என் வீட்டுக்காரரும் சாயப் பட்டறை வைத்திருந்தோம். பட்டு நூலைச் சோடா போட்டு வேகவைத்துப் பசை எடுப்பது அவர் வேலை. சாயத்தைக் கரைத்து நிறம் பார்ப்பது என் வேலை. அரக்குச் சிவப்பில் அரைக்கால் பங்கு மாறினாலும் என் கண்ணுக்குத் தெரியும். அதை ஒரு சாமர்த்தியம் என்று நான் நினைத்ததில்லை. சிலருக்கு உப்புக் கரிப்பது உடனே தெரிகிற மாதிரி, எனக்கு இது.

தெருவுக்கு ஒரே கிணறு. குழாய்த் தண்ணீர் பெரிய வீதி முனையோடு நின்றுவிட்டது. கிணற்றுக்குக் கிழக்கே இருபது தப்படி தூரத்தில் எங்கள் பட்டறையும் அதன் கழிவுக் குழியும். மேற்கே மதில் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் யாத்ரீகர்கள் தங்கும் சத்திரம். வைகாசி கருட சேவைக்கு வந்த கூட்டம் அந்தச் சத்திரத்தில் படுக்க இடமில்லாமல் நிரம்பி வழிந்து, அப்போதுதான் கலைந்திருந்தது.

சாவு நாலானதும் தெருவில் பேச்சு எங்கள் பக்கம் திரும்பியது. "சாயத் தண்ணி கெணத்துல எறங்குது, அதான்" என்று ஒருவர் சொன்னார். மறுநாள் எல்லோரும் சொன்னார்கள். சத்திரத்து முதலாளி, ஊரில் பெரிய மனிதர், தானே முன்னின்று ஒரு மனு எழுதவைத்தார். தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. மகளைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டம்மாவும் கைநாட்டு வைத்தாள். விரலில் மை காயாமல் அவள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் நகரசபைச் சேவகன் வந்து எங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டினான். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜனங்களின் சுகத்துக்கு அபாயமான தொழில் நடத்துவதாகவும், பொதுஜனங்கள் குடிக்கும் நீரைக் கெடுப்பதாகவும், ஏழு நாளில் பட்டறையை மூட வேண்டும் அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. "கெடுப்பதாக" என்ற இடத்தை மட்டும் மறுபடியும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின ஐப்பசியில், விடாமல் மூன்று நாள் மழை பெய்து எங்கள் குழி நிரம்பி வழிந்தது. மழை விட்ட காலையில் கிணற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினேன். வேறு யார் பார்த்திருந்தாலும் தண்ணீர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் அதில் சிவப்பைப் பார்த்தேன். ரோஜா இதழை நனைத்துப் பிழிந்த அளவுகூட இல்லை. ஆனால் இருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் என் கண்ணை அவர் நம்புவார். அன்றைக்கே குழியை இறைத்து, சுண்ணாம்புக் காரை போட்டு உட்சுவரைப் பூசினார். பூசி முடித்துக் கை கழுவும்போது, "இத யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றார். நானும் திறக்கவில்லை.

நோட்டீஸைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கிண்ணம்தான் ஞாபகத்தில் நின்றது. குழந்தைக்கு லேசாக வயிறு போனாலும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். அந்தப் பெண் எங்கள் வாசலில் ஆடிக்கொண்டிருந்தபோது தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாளா, நான் கொடுத்தேனா என்று நாளெல்லாம் யோசிப்பேன். ஒரு சமயம் கொடுத்ததாகத் தோன்றும். ஒரு சமயம் இல்லை என்று தோன்றும்.

நோட்டீஸ் வந்த மூன்றாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். சென்னைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். காக்கிக் கால்சட்டை, கையில் தோல் பை, இரண்டு நாளாகத் தூங்காத முகம். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சுண்ணாம்பு அடிக்கவும் துணிகளைக் கொளுத்தவும் சொல்லிக்கொண்டு வந்தவரைக் கண்டு எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் சாத்தவில்லை. சாத்தி என்ன ஆகப்போகிறது?

அவர் குழியை எட்டிப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். மதில் சுவர்மேல் ஏறிச் சத்திரத்துக் கொல்லையை வெகுநேரம் பார்த்தார். இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம், "சாயம் வாந்திபேதி கொண்டுவராதுப்பா. மனுஷன் மலத்துல இருந்துதான் அது வரும். அந்தச் சுவருக்குப் பின்னால சத்திரத்துக் கக்கூஸ் குழி இருக்குது, தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார். ஆனா அவரு பெரிய மனுஷன். நாங்க சொன்னா எடுபடுமா?"

"நீங்க சொல்ல வேணாம். தண்ணியே சொல்லட்டும்."

அவர் செய்தது இதுதான். நோட்டீஸ் கெடுவை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லித் தள்ளிவைத்துவிட்டு, சென்னையிலிருந்து ஒரு பச்சைப் பொடியை அரக்கு முத்திரை வைத்த புட்டியில் தருவித்தார். எங்கள் பட்டறையில் அந்தப் பச்சை கிடையாது. வீடு முழுக்கச் சோதனை போட்டு அதையும் எழுதிக்கொண்டார். கிணற்றுக்கு மரப்பலகையால் மூடி செய்து பூட்டுப் போட்டார், சாவி அவரிடம். தெருக்காரர்கள் பெரிய வீதிக் குழாய்க்கு நடக்க வேண்டியதாயிற்று. அதற்கும் எங்களைத்தான் சபித்தார்கள். பிறகு இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு சத்திரத்துக் குழியில் பச்சைப் பொடியைக் கரைத்து ஊற்றினார். எங்கள் குழியில் எப்போதும்போலச் சிவப்புச் சாயம் கிடந்தது.

"கெணத்துல செவப்பு வந்தா அது உங்களுது, பச்சை வந்தா அது சத்திரத்துது" என்றார். "ரெண்டும் வரலேன்னா நான் வேற எங்கயாவது தேடணும்."

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. வருகிற நிறம் மிகவும் மெல்லியதாக இருக்கும், தன் கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ என்றார். என் வீட்டுக்காரர் யோசிக்காமல், "எங்க வீட்ல பாப்பாங்க சார். அந்தக் கண்ணுக்குத் தப்பாது" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம் வந்தது.

அன்று முதல் காலையும் மாலையும் இன்ஸ்பெக்டர் வந்து பூட்டைத் திறப்பார். வாளியை அவரே விடுவார். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்து என்னிடம் காட்டுவார். சுற்றிலும் தெருவே நின்று பார்க்கும். வாளி கீழே போய்த் தண்ணீரில் மோதும் சத்தம் கேட்டவுடன் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். பச்சையை நான் தேடவில்லை. சிவப்பு இருக்கக் கூடாதே என்றுதான் தேடினேன். சிவப்பு தெரிந்தால் தெரிகிறது என்று சொல்வேனா? பதில் எனக்கே தெரியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

முதல் நாள் வெறும் தண்ணீர். இரண்டாம் நாள் வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் சத்திரத்து முதலாளியும் வந்து நின்றார். "இன்னாம்மா, இன்னும் ஒண்ணும் தெரியலியா?" என்று சிரித்தார். நாலாம் நாள் காலை, புட்டியைத் துணிக்கு முன் பிடித்ததும் என் கண்ணில் ஏதோ இடறியது. வேப்பங்கொழுந்தின் அடிப்பக்கம் எப்படி இருக்குமோ, அதில் நூறில் ஒரு பங்கு.

"பச்சை" என்றேன். மறுபடியும், "பச்சை சார்."

இன்ஸ்பெக்டர் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்திரத்து முதலாளி வாங்கிப் பார்த்தார். "தண்ணி. சுத்தமான தண்ணி. சாயக்காரிக்கு இன்னா வோணுமோ அது தெரியுது" என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் புட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து, நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதோடு புட்டி ஏழு ஆயிற்று.

விசாரணை தாசில்தார் கச்சேரியில், மாஜிஸ்திரேட் முன்னால் நடந்தது. எங்கள் தெருவிலிருந்து சாட்சிக்கூண்டில் ஏறிய முதல் பொம்பளை நான்தான். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் நூல் கழிகளைக் கொடியில் உதறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"மழையப் பத்திக் கேட்டா?"

"யாரு கேக்கப் போறா? தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்கு."

கச்சேரியில் விசிறி இழுக்கும் சத்தம்கூட எனக்கு இரைச்சலாகக் கேட்டது. சத்திரத்து முதலாளிக்கு ஒரு வக்கீல். தங்க பிரேம் கண்ணாடி, மெதுவான பேச்சு. அவர் இன்ஸ்பெக்டரின் புட்டிகளை மாஜிஸ்திரேட் மேஜைமேல் வரிசையாக வைத்து, இவற்றில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். மாஜிஸ்திரேட் குனிந்து பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். கச்சேரியில் இருந்தவர்களும் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

மாஜிஸ்திரேட் சற்று யோசித்து, குமாஸ்தாவைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். முதல் நாள் தண்ணீரையும் நாலாம் நாள் தண்ணீரையும் ஐந்து கண்ணாடி டம்ளரில் தன் இஷ்டப்படி ஊற்றி, எதில் எது என்று காகிதத்தில் எழுதி மடித்துக் கொண்டுவரச் சொன்னார். டம்ளர்கள் வந்தன.

"இதுல எதும்மா பச்சை?"

எனக்கு ஐந்தும் ஒன்றாகத் தெரிந்தன. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "கீழ வைக்க ஒரு வெள்ளைக் காகிதம் குடுங்க சாமி" என்றேன். கொடுத்தார்கள். ஒவ்வொரு டம்ளராகக் காகிதத்தின்மேல் வைத்து மேலிருந்து பார்த்தேன். பட்டறையில் தொட்டிமேல் குனிவதுபோல் குனிந்ததும் எப்படியோ பதற்றம் விட்டது. என் வேலை அது. தெரிந்துவிட்டது.

"இதும் அந்தக் கடைசீதும் பச்சை. மத்த மூணும் வெறுந்தண்ணி."

குமாஸ்தா காகிதத்தைப் பிரித்து வாசித்தார். சரியாக இருந்தது. கச்சேரி முழுக்க ஒரு முணுமுணுப்பு. இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் படியில் கால் வைத்து இறங்கப் போனேன்.

"இரும்மா" என்றார் வக்கீல். கோபப்படவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தார். "பேஷ். இவ்வளவு கூர்மையான கண்ணை நான் பார்த்ததே இல்லை. சரி, அந்தக் கிணத்துத் தண்ணிய எத்தினி வருஷமா தெனம் பாக்கிற?"

"அஞ்சு வருஷமா."

"இந்த அஞ்சு வருஷத்துல ஒரு நாளாவது அதுல சிவப்பு பாத்திருக்கியா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஒரு "இல்லை" சொன்னால் போதும். யாரும் மறுக்க முடியாது. அந்தச் சிவப்பைப் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். கூட்டத்தில் பக்கத்து வீட்டம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸ் ஒட்டிய பிறகு அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாத்திருக்கேன். போன ஐப்பசி மழையில. ஒரு நாள்" என்றேன்.

அதற்குப் பிறகு வக்கீல் கேட்டதும் நான் சொன்னதும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. குழியைப் பூசியதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். இறங்கும்போது கூண்டுக் கட்டையை விட்டுக் கை வரவில்லை, சேவகன் வந்து எடுத்துவிட்டான்.

உத்தரவு பத்து நாள் கழித்து வந்தது. சத்திரத்துக் கக்கூஸ் குழியை உடனே மூடி வேறு பக்கம் கட்ட வேண்டும். கிணற்றை நிரந்தரமாக மூட வேண்டும். தெருவுக்குள் குழாய் வர வேண்டும். குடிதண்ணீருக்கு அருகில் சாயத் தொழில் நடத்தக் கூடாது என்பதால் எங்கள் பட்டறையும் ஊருக்கு வெளியே, ஆற்றங்கரைக்குப் போய்விட வேண்டும். வாந்திபேதிக்கு நாங்கள் காரணம் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அந்த வரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆனால் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. கச்சேரியிலிருந்து திரும்பிய நாள் முதல் பதினேழு நாள். நான் எண்ணினேன். அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பதினெட்டாம் நாள் காலை, வண்டியில் அண்டாக்களை ஏற்றும்போது, "அந்தப் பெரிய அண்டாவ ஒரு பக்கம் புடி" என்றார். பிடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இன்ஸ்பெக்டர் புறப்படும் நாளில் பார்க்க வந்தார். நான் சொன்னதால் அவருடைய வழக்கே கெட்டிருக்கும் என்று எனக்கு ஒரு குற்ற உணர்வு. அவரிடம் அதைச் சொன்னேன். "இல்லம்மா. நீங்க அத ஒத்துக்கிட்ட பிறகுதான் பச்சைய மாஜிஸ்திரேட் நம்பினாரு" என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ.

நாங்கள் தெருவை விட்டுப் போவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். அந்தச் செவப்பு எம் பொண்ண ஒண்ணும் பண்ணலியே?"

"இல்ல. சாயத்தால அது வராதுன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு."

"அவரு சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். எங்கள் குழி வேறு, சத்திரத்துக் குழி வேறு என்று பிரித்துச் சொல்லலாம். ஆனால் எங்கள் சிவப்பு போன வழி மண்ணுக்குள் எவ்வளவு அகலமாயிற்று, அதே வழியில் வேறு எது புகுந்தது என்று யார் பார்த்தார்கள்? "எனக்குத் தெரியல" என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "பொய் சொல்லாம இருந்தியே" என்று சொல்லிப் போய்விட்டாள். அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

வேகவதிக் கரையில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பட்டறையை மறுபடி ஆரம்பித்தோம். தண்ணீர் வசதி, காற்று, வெயில், நூல் காயப்போட இடம், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நகரசபை லைசென்ஸும் கொடுத்தது. கழிவை ஆற்று மணலில் விட்டால் மணல் குடித்துவிடும் என்று சொன்னார்கள். முதல் வாரம் நானும் அப்படியே நினைத்தேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றோடு கீழே நடந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. சூடு காலில் ஏற ஏற நடந்தேன். ஆறு வளையும் இடத்துக்கு அப்பால், பக்கத்துக் கிராமத்துப் பொம்பளைகள் மூன்று பேர் மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "கொளந்தைக்குத் தண்ணி வோணுமாம்மா?" என்று சிரட்டையை நீட்டினாள்.

சிரட்டைக்குள் நிறம் தெரியாது. உள்ளங்கையைக் குழித்து அதில் ஊற்றச் சொல்லி, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அன்றைக்கு ஒன்றுமில்லை. அவர்கள் சிரித்தார்கள். நான் அதைக் குடித்துவிட்டு, எந்த ஊர், தினமும் இங்கேதான் எடுப்பீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரரிடம், "ஆத்துல விட வேணாங்க. கரைக்கு மேல மூணு தொட்டி கட்டி வெச்சி, காயவெச்சி, மண்ணா அள்ளிடலாம்" என்றேன். எந்த நோட்டீஸும் வராதபோது எதற்கு என்று கேட்டார். நான் அந்த மூன்று பேரைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார்.